கோழிமுட்டைக்குள் உண்மையைக் கண்ட தையற்காரர் மகன்

முதல் வருட அனாடமி வகுப்பை நம்மில் யாரும் அவ்வளவு சுலபமாக மறந்திருக்க மாட்டோம். கண்ணைக் கரிக்கும் ஃபார்மலின் வாடை, கையில் பாதி கிழிந்த நோட்டு, மத்தியானத் தூக்கத்தை வரவழைக்கும் எம்ப்ரியாலஜி பாடம். அதிலே வுல்ஃபியன் டக்ட் என்று ஒன்று வரும். வைவாவில் கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பிப்போம். ஆணிடத்தில் எபிடிடிமிஸ், வாஸ் டிஃபரன்ஸ், செமினல் வெசிகிள். பெண்ணிடத்தில் எப்போஃபொரான், பாரோஃபொரான், கார்ட்னர் டக்ட். எக்ஸாமினர் தலையாட்டுவார். நாமும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே வந்து டீக்கடைக்குப் போய்விடுவோம்.

அந்த வுல்ஃப் யார் என்று நம்மை யாரும் கேட்டதில்லை. நாமும் கேட்டுக்கொண்டதில்லை. பாடப் புத்தகத்தில் வரும் பெயர்கள் எல்லாம் நமக்கு வெறும் பெயர்கள்தான். ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருந்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், வேலை கிடைக்காமல் திண்டாடியிருக்கிறார் என்பது வயதான பிறகுதான் உறைக்கிறது. இந்த மலருக்குக் கட்டுரை கேட்டபோது அந்த மனிதரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. பழைய மாணவர்களுக்கு ஞாபகப்படுத்தியதாகவும் இருக்கும், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு உபயோகமாகவும் இருக்கும்.

பெர்லினில் ஒரு தையற்கடை

காஸ்பர் ஃபிரெட்ரிக் வுல்ஃப் 1734-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் பிறந்தார். அப்பா தையற்காரர். பரம்பரையாக வைத்தியம் பார்த்த குடும்பமோ, பெரிய மனிதர் சிபாரிசோ கிடையாது. 1753-ல் பெர்லினில் இருந்த மருத்துவ அறுவைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அனாடமி சொல்லிக்கொடுத்தவர் யோஹான் ஃபிரெட்ரிக் மெக்கல். மெக்கல் என்றதும் சிறுகுடலில் வரும் டைவர்ட்டிகுலம் ஞாபகத்துக்கு வரும். அது இவருடைய பேரன். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். இந்தப் பேரன் நம் கதையின் கடைசியில் திரும்ப வருவார், மறந்துவிடாதீர்கள்.

1755-ல் வுல்ஃப் ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1759-ல் பட்டத்துக்காக ஓர் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். லத்தீனில் எழுதியது. பெயர் தியோரியா ஜெனரேஷியோனிஸ். உயிர் எப்படி உருவாகிறது என்பதுதான் விஷயம். அப்போது அவருக்கு வயது 25. நம் ஹவுஸ் சர்ஜன்களின் வயதை ஒட்டித்தான். அந்தப் புத்தகம்தான் அவருக்குப் பெயரும் வாங்கிக்கொடுத்தது, வாழ்நாள் முழுவதும் தொல்லையும் கொடுத்தது.

பெட்டிக்குள் பெட்டி

அந்தத் தொல்லை புரிய வேண்டுமானால் அந்தக் காலத்து நம்பிக்கை என்ன என்று தெரிய வேண்டும். 18-ம் நூற்றாண்டின் படித்த மருத்துவர்கள் பலரும் நம்பியது இது: குழந்தை புதிதாக உருவாவதில்லை. அது முன்கூட்டியே, கை கால் கண் மூக்கோடு, கண்ணுக்குத் தெரியாத சின்ன உருவமாகத் தயாராக இருக்கிறது. கருப்பையில் அது பெரிதாவது மட்டும்தான் நடக்கிறது. சிலர் அந்தச் சின்ன உருவம் ஆணின் விந்தில் இருக்கிறது என்றார்கள். பெரும்பாலோர் பெண்ணின் முட்டையில் இருக்கிறது என்றார்கள். அந்த முட்டைக்குள் இருக்கும் பெண் உருவத்துக்குள் இன்னொரு முட்டை, அதற்குள் இன்னொன்று. பெட்டிக்குள் பெட்டி மாதிரி. அப்படியே பின்னால் போனால் ஆதித்தாய் ஏவாளின் சூலகத்திலேயே மனித குலம் முழுவதும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது என்று வரும். இன்றைக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் சொன்னவர்கள் சாமானியர்கள் இல்லை.

அவர்களில் தலையாயவர் ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர். அந்தக் காலத்தில் உடலியங்கியல் என்றால் ஹாலர், ஹாலர் என்றால் உடலியங்கியல். எட்டு பாகங்களில் உடலியங்கியல் நூல் எழுதியவர். இளமையில் உறுப்புகள் புதிதாகத்தான் உருவாகின்றன என்று கொஞ்ச காலம் நம்பியவர், 1758-ல் கோழிக்கருவை ஆராய்ந்து எழுதியபோது மறுபக்கம் வந்துவிட்டார். அவருடைய வாதம் கெட்டிக்காரத்தனமானது. கோழிக்குஞ்சின் குடலும் மஞ்சள்கருவை மூடியிருக்கும் சவ்வும் ஒரே தொடர்ச்சி. மஞ்சள்கரு சேவல் சேருவதற்கு முன்பே பெட்டைக்கோழிக்குள் இருக்கிறது. ஆகவே குடலும், குடலுக்குச் சொந்தக்காரக் குஞ்சும் அப்போதே இருந்தாக வேண்டும். கேட்டவர்களுக்கு மறுக்கத் தோன்றவில்லை.

அடுத்த வருடமே 25 வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று, ஐயா அது அப்படி இல்லை என்றான்.

முட்டையில் கண்டது

வுல்ஃப் இரண்டு இடங்களில் தேடினார். முதலில் செடி. முட்டைக்கோஸ் முதலான செடிகளின் குருத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். நுனிக்கு வரவர இலை சின்னதாகிக்கொண்டே போகிறது. கடைசியில் இலையே இல்லை, வெறும் குமிழ்களும் திரவமும்தான். மடித்து வைத்த குட்டி இலை எதுவும் உள்ளே கிடையாது. இலை அங்கேதான் புதிதாக உண்டாகிறது. பூவின் பாகங்களும் ஒரு விதத்தில் மாறிய இலைகள்தான் என்று அவர் சொன்னார். பிற்காலத்தில் கவிஞர் கதே இதே எண்ணத்தை 1790-ல் எழுதி, பிறகு வுல்ஃபின் நூலைப் பற்றித் தெரிந்துகொண்டு, 1817-ல் அவரைத் தமக்கு முன்னோடியாக ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது கோழிமுட்டை. அடைகாத்த முட்டைகளை வெவ்வேறு நேரத்தில் உடைத்துப் பார்த்தார். ரத்தக்குழாய்கள் ஆரம்பத்தில் இல்லை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தோன்றுகின்றன. முதலிலிருந்தே இருந்தன, கண்ணாடி மாதிரி இருந்ததால் தெரியவில்லை என்று எதிர்க்கட்சி சொன்னது. வுல்ஃபின் பதில் எளிமையானது. கருவின் திசு சின்னச் சின்ன உருண்டைகளால் ஆனது. அந்த உருண்டைகள் நுண்ணோக்கியில் தெரிகின்றன. அவற்றால் ஆன இதயமோ குழாயோ அவற்றைவிடப் பெரியதாகத்தானே இருக்க வேண்டும்? செங்கல் கண்ணுக்குத் தெரிகிறது, வீடு மட்டும் தெரியவில்லை என்றால் வீடு இன்னும் கட்டப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

இப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் கருவின் முதுகெலும்பின் இரு பக்கமும் நீளமாக இரண்டு திரட்சிகளை அவர் கண்டார். சிறுநீரகத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பாதி சரி. அது தற்காலிகச் சிறுநீரகம். கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றுவிடும். பின்னால் வந்தவர்கள் அதற்கு வுல்ஃபியன் பாடி என்றும், அதிலிருந்து கீழே இறங்கும் குழாய்க்கு வுல்ஃபியன் டக்ட் என்றும் பெயர் வைத்தார்கள். அவருக்குத் தம் பெயரை வைத்துக்கொள்ளும் எண்ணமே இருந்ததில்லை. அவர் தேடியது வேறு.

வேலை கிடைக்காத வருடங்கள்

ஆய்வுரையின் ஒரு பிரதியை வுல்ஃப் மரியாதையோடு ஹாலருக்கே அனுப்பினார். ஹாலரும் மரியாதையோடு மதிப்புரை எழுதினார். உழைப்பைப் பாராட்டினார், முடிவை ஏற்கவில்லை. அதன்பின் வருடக்கணக்கில் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. ஒரு கட்டத்தில் ஹாலர், இந்தக் கொள்கை கடவுள் நம்பிக்கைக்கு ஆபத்து என்ற பக்கம் போனார். இயற்கையின் விசையால் உடல் உருவாகிறது என்று காட்டினால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது, இயற்கையையே அவர் படைத்திருக்கலாமே என்ற கருத்தில் வுல்ஃப் பதில் எழுதினார். எங்கேயும் குரலை உயர்த்தவில்லை. விஞ்ஞான உலகில் இப்படி ஒரு நாகரிகமான சண்டையைக் காண்பது அபூர்வம்.

நாகரிகம் சோறு போடவில்லை. 1756-ல் தொடங்கிய ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. வுல்ஃப் பிரெஸ்லாவ் நகரத்தில் ராணுவ மருத்துவராகப் போனார். இப்போது அந்த ஊர் போலந்தில் விரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே ராணுவ மருத்துவத் தலைவராக இருந்த கொதேனியஸ் இவருடைய அறிவைக் கண்டுகொண்டு, வார்டு வேலையிலிருந்து விடுவித்து, இளம் சர்ஜன்களுக்கு அனாடமி சொல்லிக்கொடுக்க வைத்தார். பாடம் அவ்வளவு தெளிவாக இருக்குமாம். அங்கே அவரோடு இருந்த முர்சின்னா என்பவர் வயதான காலத்தில் எழுதி வைத்ததால்தான் இந்த விவரங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

1763-ல் போர் முடிந்தது. பெர்லினுக்குத் திரும்பி, படித்த கல்லூரியிலேயே ஆசிரியர் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. பேராசிரியர்களின் எதிர்ப்பு. தனியாக வகுப்பு எடுக்கவாவது அனுமதி வேண்டும் என்று கேட்டு, கொதேனியஸ் தயவால் அது கிடைத்தது. மாணவர்கள் கூடினார்கள். ஆனால் பதவி காலியானபோதெல்லாம் வேறு யாருக்கோ போனது. 1764-ல் தம் கொள்கையை ஜெர்மன் மொழியிலேயே, எல்லோருக்கும் புரியும்படி திரும்ப எழுதினார். அதனாலும் நாற்காலி கிடைக்கவில்லை. திறமைக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரம் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

பனிதேசத்தில் 27 ஆண்டுகள்

கடைசியில் வெளிநாட்டிலிருந்துதான் கூப்பிட்டார்கள். ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரீனின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமி. கணித மேதை ஆய்லர் அங்கே இருந்தார், வுல்ஃபின் பெருமையை அறிந்தவர். 1767-ல் வுல்ஃப் மனைவியோடு அங்கே போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு இறக்கும்வரை அங்கேதான்.

போன கையோடு 1768, 1769-ல் அகாடமியின் வெளியீட்டில் கோழிக்குடல் உருவாவதைப் பற்றி எழுதினார். ஹாலரின் வாதம் எங்கே ஆரம்பித்ததோ அங்கேயே கை வைத்தார். குடல் முதலில் குழாயே இல்லை, தட்டையான ஓர் ஏடு. அது மடிந்து வாய்க்கால் ஆகிறது. வாய்க்காலின் இரு கரையும் சேர்ந்து ஒட்டிக் குழாய் ஆகிறது. ஆக, மஞ்சள்கருச் சவ்வோடு குடல் தொடர்ச்சியாக இருப்பது உண்மை. அதற்காகக் குடல் முன்பே இருந்தது என்று ஆகாது. துணி முன்பே இருந்தது, சட்டை இப்போதுதான் தைக்கப்பட்டது. தையற்காரர் மகனுக்கு இது தெரியாமல் இருக்குமா? உடலின் மற்ற மண்டலங்களும் இப்படி ஏடுகளிலிருந்துதான் வருகின்றன போலும் என்றும் குறிப்பிட்டார். நாம் படித்த ஜெர்ம் லேயர் பாடத்தின் விதை இது.

யாரும் கண்டுகொள்ளவில்லை. ஹாலர் மனம் மாறாமலே 1777-ல் காலமானார். வுல்ஃப் அகாடமியின் சேகரிப்பில் இருந்த, குறையோடு பிறந்த குழந்தைகள், விலங்குகளின் உடல்களை வருடக்கணக்கில் அறுத்து ஆராய்ந்து, கத்தை கத்தையாக எழுதி வைத்தார். எல்லாம் முன்பே தயாராக இருக்கிறது என்றால் இரட்டைத் தலைக் கன்றையும் கடவுளே ஆதியில் செய்து வைத்தார் என்றல்லவா ஆகும்? உருவாகும்போது வழி தவறியது என்பதே பொருந்துகிறது. அந்தக் குறிப்புகளை அவர் அச்சில் பார்க்கவில்லை. 1794-ல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, 60-வது வயதில் காலமானார். அவர் முகம் எப்படி இருக்கும் என்றுகூட நமக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நிழலுருவப் படம்தான் மிஞ்சியிருக்கிறது.

இறந்து 18 ஆண்டுகள் கழித்து, 1812-ல், குடல் பற்றிய அந்தக் கட்டுரையை லத்தீனிலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து வெளியிட்டார் ஒருவர். யார் தெரியுமா? மெக்கலின் பேரன். தாத்தாவிடம் படித்தவரைப் பேரன் உலகத்துக்குக் காட்டினார். அதன்பின் பாண்டர், ஃபான் பேர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து நவீன எம்ப்ரியாலஜியைக் கட்டினார்கள். பாலூட்டிகளின் சூல்முட்டையை 1827-ல் கண்டுபிடித்த அதே ஃபான் பேர், வுல்ஃபின் குடல் ஆராய்ச்சியைத் தலைசிறந்த படைப்பு என்று போற்றியவர்.

மிச்சம் மீதி

இனி நம் விஷயத்துக்கு வருவோம். கருவில் ஆணா பெண்ணா என்று வெளியே தெரியாத ஆறேழு வாரத்தில் எல்லோருக்கும் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கின்றன. ஒன்று வுல்ஃபியன். மற்றொன்று யோஹான்னஸ் முல்லர் 1830-ல் விவரித்த முல்லேரியன். ஆண் கருவில் விதைப்பையின் டெஸ்டோஸ்டிரோன் வுல்ஃபியன் குழாயைக் காப்பாற்றுகிறது, இன்னொரு ஹார்மோன் முல்லேரியனைக் கரைக்கிறது. பெண் கருவில் முல்லேரியன் நின்று கருக்குழாய், கர்ப்பப்பை ஆகியவற்றைத் தருகிறது, வுல்ஃபியன் கரைகிறது. இந்த ஹார்மோன் கணக்கை 1947-ல் முயல் கருக்களில் அறுவை செய்து காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி அல்ஃப்ரெட் ஜோஸ்ட். பெண்ணில் வுல்ஃபியன் தானாகவே பட்டுப்போகிறது என்றுதான் நாமெல்லாம் படித்தோம். 2017-ல் சுண்டெலி ஆராய்ச்சியில், அதைக் கரைப்பதற்கென்றே ஒரு புரதம் வேலை செய்கிறது என்று தெரியவந்திருக்கிறது. பழைய மாணவர்கள் நோட்டில் திருத்திக்கொள்ளவும்!

கரைகிறது என்றேனே, முழுக்கக் கரைவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தலைப் பிரித்த பிறகும் அங்கங்கே ஒரு கயிறு, ஒரு மூங்கில் துண்டு கிடக்குமே, அப்படி. சூலகத்துக்கும் கருக்குழாய்க்கும் நடுவே கிடப்பது எப்போஃபொரான். 1802-ல் ரோசன்முல்லர் விவரித்தது. கர்ப்பப்பையின் பக்கவாட்டிலும் யோனிச் சுவரிலும் கிடப்பது கார்ட்னர் டக்ட். டென்மார்க்கின் ஹெர்மன் கார்ட்னர் 1822-ல் பசு, பன்றியில் கண்டு எழுதினார். பெரும்பாலும் இவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை. எப்போதாவது அந்தத் துண்டில் நீர் சுரந்து, வழியில்லாமல் தேங்கி, கட்டியாகிறது.

கார்ட்னர் கட்டி யோனியின் முன்பக்கவாட்டுச் சுவரில் வரும். வழக்கமாக 2 சென்டிமீட்டருக்குள்தான். வாசலின் பின்பக்கவாட்டில் வரும் பார்த்தோலின் கட்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தொந்தரவு இல்லையென்றால் தொட வேண்டியதில்லை. பெரிதானால் அடி இறங்கிவிட்டதோ என்று நினைக்க வைக்கும். ஒன்றை மட்டும் மாணவர்கள் மறக்கக்கூடாது. நிரந்தரச் சிறுநீரகத்துக்கு மொட்டு விடுவதும் இதே வுல்ஃபியன் குழாய்தான். ஆகவே அந்தப் பக்கத்துச் சிறுநீரகமே இல்லாமலோ, யூரேட்டர் தவறான இடத்தில் திறந்தோ இருக்கலாம். ஊசி போடும் முன், கத்தி எடுக்கும் முன், சிறுநீரகத்தை ஸ்கேனில் பார்த்துவிடுங்கள். கட்டி என்று நினைத்துத் திறந்தது யூரேட்டராக இருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன?

சூலகத்தின் பக்கத்தில் வரும் பாராஓவேரியன் கட்டியும் இந்த வகையறாதான். சில வுல்ஃபியன் மிச்சத்திலிருந்து, பல முல்லேரியன் மிச்சத்திலிருந்தோ வயிற்றுறையிலிருந்தோ வரும். கருக்குழாயின் நுனியில் சின்னக் குமிழாகத் தொங்கும் மார்கான்யி ஹைடாடிட் முல்லேரியன் வகை. ஸ்கேனில் சூலகம் தனியாக, கட்டி தனியாகத் தெரிந்தால் சந்தேகிக்க வேண்டும். பெரிதாகி முறுக்கிக்கொண்டால் திடீரென்று கடுமையான வயிற்றுவலி வரும், அப்போது அவசர ஆபரேஷன்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. நீர்க்கட்டி என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். மாதவிலக்கு தவறும் பி.சி.ஓ.டி.யும் நீர்க்கட்டி, பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்த இந்த மிச்சமும் நீர்க்கட்டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைக் கேட்டதும் பெண்ணின் தாயார் அழ ஆரம்பித்துவிடுவார், மாமியார் முகம் மாறும், குழந்தை பிறக்குமா என்ற கேள்வி வீட்டில் எழும். ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, அம்மா, இது நீங்கள் தாய் வயிற்றில் இருந்தபோதே உண்டான குழாயின் மிச்சம், சூலகம் நன்றாக இருக்கிறது என்று ஒரு படம் போட்டுக் காட்டினால் போதும். அந்தக் குடும்பத்தின் பல நாள் தூக்கம் திரும்பக் கிடைக்கும். எம்ப்ரியாலஜி பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நிறைவாக

வுல்ஃப் சொன்னது எல்லாம் சரியாகிவிடவில்லை. உருவாக்கும் ஒரு சாரவிசை இருக்கிறது என்று அவர் சொன்னது இன்று நிற்காது. ஹாலர் பக்கமும் ஒரு துளி உண்மை இருந்தது. உருவம் முன்பே இல்லாவிட்டாலும், உருவத்துக்கான குறிப்பு டி.என்.ஏ.யில் முன்பே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உறுப்புகள் படிப்படியாக, புதிதாகத்தான் கட்டப்படுகின்றன என்ற அடிப்படை விஷயத்தில் 25 வயது இளைஞர் சரி, உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் தவறு. அந்த இளைஞரிடம் இருந்தது ஒரு நுண்ணோக்கி, சில முட்டைகள், கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவு. பெரியவரை எதிர்த்தபோதும் மரியாதை குறையவில்லை.

கட்டப்பட்டது முன்பே இருந்ததில்லை என்பதை நிரூபித்தவரின் பெயர், கட்டி முடித்தபின் கிடக்கும் மிச்சத்தோடு சேர்ந்துவிட்டது. அதனாலென்ன? உலகெங்கும் முதல் வருட மாணவர்கள் வருடாவருடம் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். பெர்லினில் நாற்காலி மறுக்கப்பட்டவருக்கு ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த முறை வைவாவில் வுல்ஃபியன் டக்ட் என்று சொல்லும்போது, நம் மாணவர்கள் அந்தத் தையற்காரர் மகனை ஒரு நொடி நினைத்துக்கொள்ளட்டும். பழைய நண்பர்களே, இந்தச் சந்திப்பில் அனாடமி ஹால் பக்கம் போனால் நீங்களும்தான்.